இணையத்தில் எழுதி வந்த நாட்குறிப்பில் மனசு ஒட்டவில்லை. மூடிவிடலாமா?

கெடிலக்கரை (மஞ்சக்குப்பம், கடலூர்)

வணக்கம். கொஞ்சம் நீளமான கேள்வி. பொறுமை உள்ளவர்கள் படியுங்கள்.

2008-லிருந்து கூகுளின் பிளாகரில் ஒரு நாட்குறிப்பு எழுதி வருகிறேன். எழுதி வந்தேன் என்றுதான் இப்போது சொல்ல வேண்டும். கதை, கவிதை, அரசியல் எதுவும் அதில் கிடையாது. காலையில் லேபுக்கு யார் வந்தார்கள், சாயங்காலம் என்ன மீன் கிடைத்தது, கெடிலம் ஆற்றில் தண்ணீர் வந்ததா, மாமியார் எதற்குக் கோபித்துக்கொண்டார், இவ்வளவுதான். எனக்கு வேலை ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில். ஆறரைக்குக் கதவைத் திறந்தால் வெறும் வயிற்றோடு ஒரு வரிசை நிற்கும். கையில் ரப்பர் கட்டி நரம்பைத் தேடுகிற அந்த ஒரு நிமிடத்தில் மனிதர்கள் என்னென்னவோ சொல்வார்கள். பேரை மாற்றி, ஊரை மாற்றி அதில் கொஞ்சம் எழுதுவேன்.

ஆரம்பித்த காலம் இங்கே பலருக்கு நினைவிருக்கும். இ-கலப்பையை இறக்கித் தமிழில் தட்டத் தெரிந்ததே பெரிய சாமர்த்தியமாக இருந்தது. பதிவு போட்டுத் தமிழ்மணம் என்ற திரட்டியில் இணைத்துவிட்டால் கொஞ்ச நேரத்தில் யாராவது வந்து 'மீ த பர்ஸ்ட்டு' என்று பின்னூட்டம் போட்டுவிட்டுப் போவார்கள். படித்திருக்க மாட்டார்கள். இருந்தாலும் சந்தோஷமாக இருக்கும். அப்புறம் படித்தவர்கள் வருவார்கள். சிங்கப்பூரில் ஒருவர், துபாயில் ஒருவர், விருத்தாசலத்தில் ஒரு டீச்சர். ராத்திரி பாத்திரம் கழுவிவிட்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் தூக்கம் கண்ணைச் சுற்றும் வரைக்கும் பின்னூட்டத்தில் அரட்டைக் கும்மிதான். வீட்டுக்காரர் அப்போது மஸ்கட்டில். நான் ஏதோ லேப் வேலையை வீட்டுக்கு எடுத்து வந்து பார்க்கிறேன் என்று மாமியாருக்கு நினைப்பு. நானும் அதைத் திருத்தவில்லை.

பிறகு தானே புயல். 2011 டிசம்பர் 30 காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. எங்கள் பக்கம் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. லேப் ரிப்போர்ட் தாளின் பின்பக்கத்தில் மெழுகுவத்தி வெளிச்சத்தில் எழுதி வைத்தேன். வாசல் வேப்பமரம் கேட்டின் மேல் சாய்ந்தது. அறுக்க வந்தவர் கூலி வேண்டாம், விறகைக் கொடுங்கள் என்றார். அந்த நாட்களில் ஜெனரேட்டரை மினி லாரியில் ஏற்றிக்கொண்டு தெருத்தெருவாக வருவார்கள். மோட்டாரைப் போட்டு மேல் டேங்க்கை நிரப்ப வீட்டுக்கு இவ்வளவு என்று வாங்குவார்கள். அந்த வண்டி எங்கள் தெருவில் எந்த வீட்டு வாசலில் முதலில் நிற்பது என்று ஒரு சண்டை நடந்தது பாருங்கள், பாகப்பிரிவினையில்கூட அப்படி நடந்திருக்காது. கரண்ட் வந்ததும் எல்லாவற்றையும் தட்டி வரிசையாகப் போட்டேன். யார் யாரோ பகிர்ந்தார்கள். முன்பின் தெரியாத கூட்டம் உள்ளே வந்தது.

அதோடு நான் கடலூரின் மழை நிருபர் ஆகிவிட்டேன். வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று செய்தி வந்தாலே 'மேடம், பதிவு எப்போ?' என்று கேட்பார்கள். 2015 வெள்ளத்துக்கும் எழுதினேன். ஆனால் அப்போதே ஒன்று உறுத்தியது. தண்ணீர் வாசற்படி ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே மண்டைக்குள் வாக்கியம் ஓடுகிறது. படியை 'நனைத்தது' என்று எழுதலாமா, 'விழுங்கியது' என்று எழுதலாமா என்று யோசிக்கிறேன். உள்ளே மாமியார் அரிசி மூட்டையைத் தூக்க ஆள் இல்லாமல் கத்திக்கொண்டிருக்கிறார்.

அப்புறம் சொந்தக்காரர்கள். வாட்ஸப்பில் யாரோ புண்ணியவான் சுட்டியைக் குடும்பக் குழுவில் போட்டுவிட்டார். நாத்தனார் பழையதை எல்லாம் உட்கார்ந்து படித்திருக்கிறார். ஒரு வளைகாப்பில் எல்லார் எதிரிலும் 'சாம்பார்ல உப்பு ஜாஸ்தின்னு இதையும் எழுதிடாதே' என்றார். பந்தியே சிரித்தது. அன்றோடு வீட்டு விஷயம் எழுதுவது நின்றது. அடுத்தது மகள். புதுச்சேரியில் காலேஜ் படிக்கிறாள். நான்காம் வகுப்பில் அவள் செய்த ஒரு கூத்தை நான் எழுதியிருந்தது அவளுடைய தோழிகள் கையில் கிடைத்து, ஹாஸ்டல் முழுக்க அவளுடைய செல்லப் பேர் பரவிவிட்டது. 'என்னைக் கேட்டா எழுதினே?' என்றாள். அவ்வளவுதான் கேட்டாள். அவள் வருகிற பதிவுகளை எல்லாம் டிராஃப்ட்டுக்கு மாற்றினேன். இப்போது வெளியே இருப்பதில் முக்கால்வாசி மழையும் மீனும்தான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இன்றைக்கும் அதிகம் பேர் வந்து பார்ப்பது கடலூர் - வேளாங்கண்ணி பஸ் நேரம் என்று எப்போதோ போட்ட ஒரு பதிவை. அந்த நேரமெல்லாம் மாறி எத்தனையோ காலம் ஆகிறது. மேலே சிவப்பு எழுத்தில் 'இது பழைய நேரம்' என்றும் போட்டு வைத்திருக்கிறேன். அப்படியும் திட்டுகிறார்கள்.

கடைசியாக 2024 நவம்பர் 30 ராத்திரி, ஃபெஞ்சல் புயல். அது கரையேறியது புதுச்சேரி பக்கம். எங்களை அடித்தது அதற்கு அப்புறம் சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணையில் வந்த தண்ணீர். குண்டு உப்பலவாடி, நாணமேடு, தாழங்குடா எல்லாம் தண்ணீருக்குள். நான் தலைப்பு மட்டும் போட்டேன், அடுத்த வரி வரவில்லை. வெள்ளம் வடிந்த பிறகு உப்பலவாடிப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா சுகர் பார்க்க வந்தார். பழைய ரிப்போர்ட் ஃபைல் வெள்ளத்தோடு போய்விட்டது, டாக்டர் பழசைக் கேட்கிறார், மறுபடி எடுத்துத் தர முடியுமா என்றார். எங்கள் கம்ப்யூட்டரில் இருந்ததை எல்லாம் அச்செடுத்துக் கொடுத்தேன். பிரிண்டர் ஒவ்வொரு தாளாகத் துப்பிக்கொண்டிருந்த நேரம் முழுக்க அவர் போனவற்றைச் சொல்லிக்கொண்டிருந்தார். பீரோ, பையனின் மார்க் ஷீட், இரண்டு ஆடு. ஒரு ஆடு சினையாக இருந்ததாம். தாள் ஈரமாகக் கூடாது என்று என்னிடம் பிளாஸ்டிக் கவர் கேட்டு வாங்கி, அதை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு போனார். வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது, அவர் பேசியபோது என் மண்டைக்குள் எந்த வாக்கியமும் ஓடவில்லை. ரொம்ப காலத்துக்குப் பிறகு அப்படி ஒருவர் பேசுவதைக் கேட்டிருக்கிறேன்.

என் கேள்வி இதுதான். நேரம் இல்லாமல் நிறுத்தியவர்கள் கதை எனக்கு வேண்டாம், எனக்கு நேரம் இருக்கிறது. ஆசைதான் இல்லை. இப்படி ஆசை விட்டுப்போனவர்கள் என்ன செய்தீர்கள்? அழித்தீர்களா, அப்படியே போட்டு வைத்தீர்களா? திரும்ப வந்ததா? 'தொடர்ந்து எழுதுங்கள், வாழ்த்துகள்' என்று மட்டும் போடாதீர்கள். அதை நானே ஊரெல்லாம் போட்டவள்.

முந்திரிக்காடு (பண்ருட்டி பக்கம்)

மூடுங்கள். யார் சம்பளம் கொடுக்கிறார்கள்?

நானும் எழுதினவன்தான். மண், மரம், கிராமம் என்று. தானேயில் எங்கள் முந்திரித் தோப்பு வேரோடு சாய்ந்தது. தாத்தா வைத்த மரங்கள். அதைப் பற்றி எழுதிப் போட்டேன். கீழே ஒருத்தர் 'மனதைத் தொட்ட பதிவு, என் தளத்துக்கும் வருகை தரவும்' என்று எழுதியிருந்தார். அன்றைக்கு விட்டதுதான், இன்னும் எடுக்கவில்லை. எடுக்கவும் தோன்றவில்லை.

இப்போது எழுதுவது தினசரி காலண்டர் தாளில். சாய்ந்த இடத்தில் விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்து வி.ஆர்.ஐ. 3 ரக முந்திரி ஒட்டுக்கன்று வைத்தேன். எந்த வரிசை எப்போது பூத்தது, தேயிலைக் கொசு என்கிற பூச்சி எப்போது இறங்கியது, எப்போது மருந்து அடித்தது, கொட்டை எத்தனை கிலோ, என்ன விலைக்குப் போனது. தாளைக் கிழித்துக் கசக்கிப் போடாமல் பின்பக்கம் எழுதி ஆணியில் குத்திவிடுவேன். வருடக் கடைசியில் ரப்பர் பேண்ட் போட்டுப் பரணில். போன தையில் கிழக்கு வரிசையில் பூ கருகியபோது முந்தின வருடக் கட்டைப் பிரித்துப் பார்த்தேன். அதே வாரம், அதே வரிசை. பக்கத்துக் கொல்லையில் கருவேலம் அடர்ந்து கிடப்பதால் அங்கிருந்து பூச்சி வருகிறதோ என்று அப்போதுதான் தோன்றியது. இந்த வருடம் அந்தப் பக்கத்தைச் சுத்தம் பண்ணிவிட்டு முதல் மருந்தை அங்கேதான் அடித்தேன்.

எழுத்து என்றால் எனக்கு அது போதும். மனதைத் தொட வேண்டாம்.

இரவு ஷிப்ட் (ரெட்டியார்பாளையம், புதுச்சேரி)

அக்கா, எழுதுவதா வேண்டாமா என்பதில் நான் வரவில்லை. அழிக்க மட்டும் அவசரப்படாதீர்கள். சில விஷயம் சொல்கிறேன்.

முதலில் பேக்கப். பிளாகர் அமைப்புகளில் கீழே போனால் உள்ளடக்கத்தை பேக்கப் எடுக்க வழி இருக்கிறது. பதிவும் பின்னூட்டமும் ஒரே கோப்பில் வந்துவிடும். படங்கள் அந்தக் கோப்பில் வராது, படம் எங்கே இருக்கிறது என்ற முகவரி மட்டும்தான் இருக்கும். அதனால் முக்கியமான படங்களைத் தனியாக இறக்கி வையுங்கள். இதைச் செய்யாமல் அழித்துவிட்டு அப்புறம் படத்தைத் தேடி அலைந்தவர்களை எனக்குத் தெரியும்.

அழிக்காமலே கதவைச் சாத்தலாம். வாசகர் அணுகல் என்ற இடத்தில் எல்லாருக்கும், எழுதுபவருக்கு மட்டும், நாம் அழைக்கிறவர்களுக்கு மட்டும் என்று மூன்று உண்டு. மூன்றாவதைப் போட்டால் நீங்கள் மின்னஞ்சல் கொடுத்தவர்கள் மட்டும் படிப்பார்கள். நாத்தனாரை அழைக்க வேண்டிய அவசியமில்லை.

'அப்படியே போட்டு வைப்பது' என்று நினைத்தால் இதையும் கவனியுங்கள். இரண்டு வருடம் உள்ளே நுழையாமல் கிடக்கிற தனிநபர் கணக்குகளை நீக்கலாம் என்று கூகுள் விதி மாற்றி, 2023 டிசம்பரிலிருந்து அது நடைமுறையில் இருக்கிறது. அந்த மின்னஞ்சலை நீங்கள் தினமும் பயன்படுத்தினால் பிரச்சினை இல்லை. நாட்குறிப்புக்கென்றே தனியாக ஒரு மின்னஞ்சல் போட்டு, அதை இப்போது திறப்பதே இல்லை என்றால்தான் ஆபத்து. அதே கணக்கில் 'செயலற்ற கணக்கு நிர்வாகி' என்று ஒன்றும் இருக்கிறது. நாம் ரொம்ப நாள் வராவிட்டால் யாருக்குத் தகவல் போக வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி வைக்கலாம். பொண்ணு பேரைப் போடுங்கள்.

கூட்டம் ஏன் கலைந்தது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். 2013 ஜூலையில் கூகுள் ரீடர் நின்றது. யார் புதிதாக எழுதினாலும் நம் வீட்டுக்கு வந்து சொல்லிய வழி பலருக்கு அதோடு அடைபட்டது. அதற்கு முன்னாலேயே பாதிப்பேர் ஃபேஸ்புக்கில் உட்கார்ந்துவிட்டார்கள். உங்கள் எழுத்து கெட்டுப்போய்க் கூட்டம் போகவில்லை.

உப்பளம் பென்ஷன் (புதுச்சேரி)

அம்மா, வணக்கம். அச்சகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். உங்கள் மழைப் பதிவுகளைப் படித்ததில்லை, ஆனால் இந்தக் கேள்வியை இரண்டு முறை படித்தேன்.

எங்கள் ஊரில் நாட்குறிப்பு என்றால் ஆனந்தரங்கப் பிள்ளைதான். 1736 செப்டம்பரில் தொடங்கி 1761 வரைக்கும், நடுவில் விட்டுப்போன காலங்கள் உண்டு என்றாலும், தமிழில் எழுதி வைத்தார். பிரெஞ்சு குவர்னர் துய்ப்ளேக்சுக்குத் துபாஷி, அதாவது மொழிபெயர்ப்பாளர். எந்தக் கப்பல் வந்தது, எத்தனை பீரங்கி போட்டார்கள், சரக்கு என்ன விலை, இன்றைக்குத் துரை எந்த முகத்தோடு பேசினார் என்று எல்லாம் இருக்கும். உங்கள் தேவனாம்பட்டினத்து ஆங்கிலேயர் கோட்டையைப் பிடிக்கப் பிரெஞ்சுப் படை போய்ப் போய்த் திரும்பிய கதையும் அதில் உண்டு. 1748-இல் வேதபுரீஸ்வரர் கோயிலை இடித்ததை எழுதியிருக்கிறார். அதில் துய்ப்ளேக்சின் மனைவிக்கு என்ன பங்கு என்பதையும் எழுதியிருக்கிறார். அந்த அம்மாளைப் பற்றி அவர் வேறு இடங்களில் எழுதியிருப்பதைப் படித்தால், நீங்கள் உங்கள் மாமியாரைப் புகழ்ந்திருக்கிறீர்கள் என்றுதான் தோன்றும்.

இவ்வளவும் அவர் வீட்டுக்குள்ளேயே இருந்தது. 1846-இல்தான் ஒரு பிரெஞ்சு அதிகாரி கண்டெடுத்தார். ஆங்கிலத்தில் 1904-லிருந்து 1928 வரை பன்னிரண்டு தொகுதிகளாக வந்தது. காலையில் எழுதி மாலையில் அந்த அம்மாள் படிப்பதாக இருந்தால் ஒரு வரி தேறியிருக்குமா? 'இன்று கப்பல் வந்தது, நலம்' என்று எழுதிவிட்டுப் படுத்திருப்பார்.

உங்களுக்கு எழுத்து மேல் ஆசை போகவில்லை என்பது என் எண்ணம். படிக்கிறவர்கள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள், அதனால் கை வரவில்லை. ஒரு நோட்டு வாங்குங்கள். கணக்கு எழுதுகிற நெட்டு நோட்டாக, கெட்டி அட்டையாக இருக்கட்டும். யாருக்கும் காட்டாதீர்கள். நான் அப்படித்தான் எழுதுகிறேன். என் கையெழுத்தை என் பிள்ளைகளால் படிக்க முடியாது, அந்தத் தைரியம் வேறு.

கெடிலக்கரை

எல்லாருக்கும் நன்றி. முந்திரிக்காடு அண்ணன் திட்டியது பிடித்தது.

உப்பளம் ஐயா, நீங்கள் சொன்னது யோசிக்க வைத்தது, ஆனால் நான் ஒத்துக்கொள்ளவில்லை. நோட்டு வாங்கிப் பார்த்துவிட்டேன். ஒரு பக்கம் எழுதினேன். 'யாருக்கு இதைச் சொல்கிறோம்' என்று தோன்றியதும் பேனாவை மூடிவிட்டேன். ஆனந்தரங்கப் பிள்ளைக்கு அந்தப் பிரச்சினை இருந்திருக்காது. பகல் முழுக்கத் துரையிடம் சிரித்துப் பேசிவிட்டு ராத்திரி வந்து கொட்டுவதற்கு அவருக்கு ஒரு இடம் வேண்டியிருந்தது. எனக்குக் கொட்டுவதற்கு ஒன்றும் பெரிதாக இல்லை. லேபில் பேசுகிறேன், மார்க்கெட்டில் பேசுகிறேன், மாமியாரிடம் நேராகவே சண்டை போடுகிறேன்.

இதை எழுதும்போதுதான் எனக்கே புரிகிறது. நான் எழுதியது எல்லாம் நாட்குறிப்பு மாதிரி தெரிந்தாலும் எனக்கு அது கடிதம். துபாய்க்காரர் என்ன சொல்வார், டீச்சர் எங்கே சந்திப் பிழை பிடிப்பார் என்று மனசில் வைத்துத்தான் ஒவ்வொரு வரியும் தட்டினேன். கடிதம் போட்ட வீடுகளை எல்லாம் பூட்டிவிட்டு ஆட்கள் வேறு ஊர் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு வந்த கூட்டத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்களில் ஒருத்தரையும் எனக்குத் தெரியாது, அவ்வளவுதான். தெரியாதவர்களுக்கு மழையைப் பற்றித்தான் எழுத முடிகிறது. மீன் விலையை யாரிடம் சொல்வது?

வேளாங்கண்ணி போகிறவன்

மேடம், அந்த பஸ் நேரத்தை நம்பிச் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் விடிய விடிய உட்கார்ந்தவர்களில் நானும் ஒருவன். சிவப்பு எழுத்து போனில் தெரியவில்லை, தலைப்பும் அட்டவணையும்தான் தெரிந்தது. மற்றதை வைத்துக்கொள்ளுங்கள், அழித்துக்கொள்ளுங்கள். அதை முதலில் எடுங்கள். கோபம் இல்லை.

செகண்ட் இயர் (லாஸ்பேட்டை, புதுச்சேரி)

உங்கள் பொண்ணு பக்கம் பேச ஒருத்தராவது வேண்டும் என்று வந்தேன், அக்கா. அம்மா வயசுதான் இருக்கும், ஆன்ட்டி என்று சொன்னால் கோபம் வருமோ என்று பயம்.

நாங்கள் இன்ஸ்டாகிராமில் போடுகிற ஸ்டோரி 24 மணி நேரத்தில் போய்விடும். யார் பார்த்தார்கள் என்று பேரோடு தெரியும். பிடிக்காதவர்களை மறைத்துவிட்டுப் போடுவோம். நீங்கள் எழுதியது யார் வேண்டுமானாலும் படிக்கலாம், எப்போது வேண்டுமானாலும் படிக்கலாம், யார் படித்தார்கள் என்றும் தெரியாது. அதில் நான்காம் வகுப்பு நான் மாட்டிக்கொண்டால் எனக்கும் கோபம் வரும்.

ஆனால் இன்னொன்று. எங்கள் அப்பா ஃபேஸ்புக்கில் நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது நிறைய எழுதுவார். பத்தாவது படிக்கும்போது சண்டை போட்டு எடுக்கச் சொன்னேன். அவர் ரோஷத்தில் ஒரே ராத்திரியில் எல்லாவற்றையும் அழித்துவிட்டார். காப்பி எதுவும் வைக்கவில்லை. எனக்கு முதல் முதலாகக் காது குத்தியபோது நான் ஆசாரியைக் கடித்தது, கடலைப் பார்த்து 'இதை யார் நிறுத்துவாங்க' என்று கேட்டது எல்லாம் அதில் இருந்தது. மற்றவர்கள் பார்க்கக் கூடாது என்றுதான் நான் சொன்னேன். எனக்கே இல்லாமல் போக வேண்டும் என்று சொல்லவில்லை. இப்போது கேட்டால் 'நீதானே சொன்னே' என்கிறார். அம்மாவுக்குப் பாதிதான் ஞாபகம் இருக்கிறது, அதுவும் அக்கா செய்ததோடு கலந்துபோய்.

டிராஃப்ட்டில் போட்டு வைத்திருப்பதை எல்லாம் தாளில் எடுத்து அவளிடம் கொடுங்கள். எதைக் கிழிக்கலாம் என்று அவள் பார்த்துக்கொள்வாள். கிழிக்க மாட்டாள்.

கெடிலக்கரை

ஆன்ட்டி என்றே கூப்பிடலாம் பாப்பா.

நேற்று சாயங்காலம் உட்கார்ந்து வேலையை முடித்தேன். வேளாங்கண்ணி பஸ்ஸை முதலில் எடுத்தேன், தம்பி நிம்மதியாகப் போய் வரட்டும். தானே பதிவுகளை அப்படியே வெளியே விட்டிருக்கிறேன், அது என் வீட்டுக் கதை மட்டும் இல்லை, தெருவே அதில் இருக்கிறது. வீட்டு விஷயம் அத்தனையும் இப்போது டிராஃப்ட்டில். பேக்கப் எடுத்துப் பென் டிரைவில் போட்டாகிவிட்டது. நான் சமையலறையில் இருந்தபோது மகளிடம் போனில் சொன்னேன், உன்னைப் பற்றி எழுதினதை எல்லாம் அச்செடுத்துத் தருகிறேன் என்று. கொஞ்ச நேரம் பேச்சு இல்லை. அப்புறம் 'அத்தையைப் பத்தி எழுதினதையும் சேர்த்துக் குடு' என்றாள்.

புதிதாக எழுதப் போவதில்லை. நிறுத்துகிறேன் என்று அறிவிப்பும் போடவில்லை. அறிவிப்புப் போட்டுவிட்டு மறு மாதமே 'மீண்டும் வந்துவிட்டேன்' என்று வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றும் செய்து பார்த்தேன். துபாய்க்காரரின் பழைய மின்னஞ்சல் இருந்தது. உப்பலவாடி அம்மா வந்த கதையை முழுசாக எழுதி அவருக்கு அனுப்பினேன். மறுநாள் காலையில், லேபில் வரிசை நிற்கிற நேரத்தில், போனே வந்துவிட்டது. இப்போது தாம்பரத்தில் இருக்கிறாராம். முட்டிவலி, பையனுக்குப் பெண் பார்ப்பது, தண்ணீர் லாரி என்று சாயங்காலம் மறுபடி கூப்பிட்டு ரொம்ப நேரம் பேசினார். அந்த அம்மாவின் ஆடு என்ன ஆனது, அரசு ஏதாவது கொடுத்ததா என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை, அடுத்த முறை சுகர் பார்க்க வரும்போது கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

அச்செடுக்க வேண்டிய பக்கம் நிறைய இருக்கிறது. ஸ்பைரல் போட்டால் போதுமா, வேறு மாதிரி பண்ண வேண்டுமா? உப்பளம் ஐயாவுக்குத்தான் தெரியும்.

உப்பளம் பென்ஷன்

ஸ்பைரல் வேண்டாம் அம்மா. நாலு தடவை புரட்டினால் ஓட்டை கிழிந்து தாள் தனியே வந்துவிடும், மகள் வேறு ஹாஸ்டலில் வைத்துக்கொள்வாள். தையல் பைண்டிங் போடச் சொல்லுங்கள், துணி ஒட்டிய காலிகோ அட்டை. அச்செடுக்கும்போது இடது ஓரத்தில் ஓர் அங்குலமாவது விடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் தைக்கும்போது எழுத்து உள்ளே போய்விடும். இரண்டு பக்கமும் அச்சடித்தால் பின்பக்கத்துக்கு அந்த இடம் வலது ஓரத்தில் வர வேண்டும். கடைப் பையன்கள் இதை மறந்துவிடுவார்கள், முதல் நாலு பக்கத்தைப் பார்த்துவிட்டு மீதியை அடிக்கச் சொல்லுங்கள். பக்க எண் போட மறக்காதீர்கள். கோக்கிறவன் மாற்றிக் கோத்துவிட்டால் உங்கள் நாத்தனார் வளைகாப்புக்கு முன்னாலேயே பிள்ளை பெற்றுவிடுவார்.